குளவிக் கூட்டைக் கண்ட பின்

வாசகரே, உங்கள் வீட்டுக் குசினிப் புறத்துத் தாழ்வாரத்தை நீங்கள் கடைசியாக எப்போது அண்ணாந்து பார்த்தீர்கள்? கிணற்றடிக்குப் போகும்போதும் வரும்போதும் நிலத்தைப் பார்த்தே நடந்து பழகியவர்கள் நாம். ஒரு சனிக்கிழமை காலை ஒட்டடைத் தடியோடு வெளியே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுக்குக் கீழே, சிலாகையும் சுவரும் சந்திக்கும் மூலையில், ஒரு தேங்காய் அளவில் ஏதோ தொங்குகிறது. சாம்பலும் கபிலமும் வரிவரியாகக் கலந்த நிறம். பக்கத்தில் ஒரு சிறு துவாரம். துவாரத்தின் வாயிலில் இரண்டு மூன்று கறுத்த உருவங்கள்; வயிற்றிலே செம்மஞ்சள் பட்டை. கையிலிருந்த தடி தானாகவே கீழே இறங்குகிறது.

அந்தக் கூடு இன்று காலையில் முளைத்ததன்று. பல கிழமைகளாக அது அங்கே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் கீழேதான் நீங்கள் உடுப்புக் காயப் போட்டீர்கள். அதன் கீழேதான் பேரப்பிள்ளை பந்து விளையாடியது. நேற்று இரவு நிம்மதியாக நித்திரை கொண்டீர்கள். இன்று நெஞ்சு படபடக்கிறது. குளவிகளில் எந்த மாற்றமும் இல்லை. மாறியவர் நீங்கள், நேற்று அறியாதிருந்ததை இன்று அறிந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இந்த அறிதல் என்பது என்ன செய்கிறது என்பதே என் கேள்வி. குளவியை என்ன செய்வது என்பது அதற்குப் பிறகு வருவது.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் முட்டுகின்ற மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. மாடு ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டைக் கொல்ல வேண்டும். உரிமையாளர் மீது பழி இல்லை. ஆனால் அந்த மாடு முன்பே முட்டும் பழக்கமுடையது, அயலவர் வந்து சொல்லியும் இருக்கிறார்கள், அப்படியிருந்தும் அவர் அதைக் கட்டி வைக்கவில்லை என்றால், பழி அவரையும் சேரும். மாடு ஒன்றுதான், கொம்பு ஒன்றுதான், இறந்தவரும் ஒருவர்தான். இரண்டு தீர்ப்புக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அவர் அறிந்திருந்தார் என்பது மட்டுமே.

“குளவி என் மாடல்லவே! நான் வளர்க்கவில்லை, தீனி போடவில்லை, கூப்பிடவும் இல்லை” என்று நீங்கள் சொல்லலாம். நியாயந்தான். ஆனால் தாழ்வாரம் உங்களுடையது. படலையைத் திறந்துகொண்டு வரும் தபாற்காரர், தண்ணீர் அள்ள வரும் அயல்வீட்டுப் பிள்ளை, தேங்காய் பறிக்க வருபவர் ஆகிய எல்லோரும் இந்த வளவுக்குள் தமக்குத் தெரியாத ஆபத்து எதுவும் இல்லை என்ற நம்பிக்கையிலேயே காலடி வைக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். ஆகவே இனி ஒன்றும் செய்யாமல் இருப்பதும் நீங்கள் செய்யும் ஒரு காரியமாகவே எண்ணப்படும்.

சரி, தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும். தொங்குவது எது என்று பாருங்கள். தூர நின்று பாருங்கள். எமது தமிழில் குளவி என்ற ஒரு சொல்லுக்குள் பலவற்றைப் போட்டு வைத்திருக்கிறோம். யன்னற் சட்டத்திலும் படத்தின் பின்புறத்திலும் ஈரமண்ணால் சிறு குடம்போலக் கூடு கட்டுகிறதே, அதுவும் குளவிதான். வீட்டிற்குள் அது கூடு கட்டினால் பிள்ளை பிறக்கப் போகிறது என்று சொல்லி, உடைக்கவிடாமல் காப்பாற்றிய பாட்டிமார் பலர். அவர்களுடைய சோதிடம் எப்படியோ, தீர்ப்புச் சரியானது. அந்த மண்குளவி தனித்து வாழ்வது, கையிற் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டாது. புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கிக் கூட்டில் அடைத்து, அதன்மேல் முட்டை இடும். பின்னர் அந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு குளவி வெளியே வருவதைக் கண்ட எம் முன்னோர், கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறிவிட்டது என்று நம்பினார்கள். குருவின் பார்வையால் சீடன் குருவாவதற்கு இதனை உவமையாகவும் எடுத்தாண்டார்கள். உண்மையிலே அந்தப் புழு குளவிக் குஞ்சின் உணவாகிவிடுகிறது. உவமை அழகானதுதான், புழுவைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும்.

இன்னொன்று, மூடியில்லாமல் பெரிய ஒற்றை அடையாகப் பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் தொங்கும் பெருந்தேனீ. சீகிரியாவில் ஏறியவர்கள் சத்தம் போட வேண்டாம் என்ற அறிவித்தற் பலகையைப் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். சிங்கள மக்கள் இதைப் பம்பரா என்றும் குளவியைத் தெபரா என்றும் வேறு பிரித்துச் சொல்கிறார்கள். எமது பத்திரிகைகளோ இரண்டுக்கும் “குளவிக் கொட்டுக்கு இலக்காகி” என்றே எழுதிவிடுகின்றன. வேறுபாடு சிறியதல்ல. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது எம் தோலிலே தங்கிவிடும். கொட்டிய தேனீ இறந்துபோகும். குளவியின் கொடுக்கு ஊசி போன்றது. குத்தி, எடுத்து, மறுபடியும் குத்தும்.

உங்கள் தாழ்வாரத்தில் மூடிய கூட்டுக்குள் இருப்பது அந்தக் குளவிதான், வயிற்றிலே மஞ்சட்பட்டையுள்ளது. இலங்கையில் மட்டுமன்றி ஆசியாவின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் காணப்படுவது. அதன் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய வேலிக் கதியாலிலும் உளுத்த மரத்திலும் மரநாரைச் சுரண்டி, வாயிலே மென்று, உமிழ்நீரோடு குழைத்து, மெல்லிய தாளாக இழுத்துக் கட்டிய வீடு அது. உள்ளே அறைகள் தட்டுத் தட்டாகக் கீழ்நோக்கித் திறந்திருக்கும். குஞ்சுகள் தலைகீழாகத் தொங்கும். வளர்ந்த குளவியின் இடை மிக ஒடுங்கியதால் கெட்டியான உணவை அது விழுங்க முடியாது. பூந்தேனும் பழச்சாறும் மரப்பாலுமே அதன் சாப்பாடு. உங்கள் கத்தரித் தோட்டத்துப் புழுவையும் ஈயையும் பிடித்து மென்று உருட்டுவது குஞ்சுகளுக்காக. அதைத் தின்ற குஞ்சு தன் வாயிலிருந்து ஒரு சத்துநீரைத் தாய்க்கும் தமக்கைமாருக்கும் திருப்பிக் கொடுக்கிறது. பிள்ளைக்கு ஊட்டப்போய்ப் பிள்ளையிடம் உண்டு வரும் குடும்பம். காவல் நிற்பவையும் கொட்டுபவையும் பெண்களே. ஆணுக்குக் கொடுக்கு இல்லை.

கூட்டைவிட்டுத் தூரத்தில் அது உங்களைக் கவனிப்பதே இல்லை. கூட்டின் அருகே அதிர்ச்சி, வேகமான அசைவு, முகத்துக்கு நேரே விடும் மூச்சு ஆகியவையே அதன் பகைவர். ஒன்றை நசுக்கினால் அதன் நஞ்சிலிருந்து எழும் மணம் மற்றவற்றை அழைக்கும். அதனால்தான் கொட்டு ஒன்றோடு நிற்பதில்லை. ஒன்றிரண்டு கொட்டு வலியோடு போய்விடலாம்; ஒவ்வாமை உள்ளவருக்கு ஒன்றே போதும், மூச்சு அடைத்துவிடும். பல கொட்டுக்கள் பட்டால் தசை சிதைந்து, சிறுநீரகம் பழுதடையும். அது அன்றே தெரியாமல் ஓரிரு நாட்களின் பின் தெரிவதும் உண்டு. எம் நாட்டு வைத்தியர்கள் இதைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரே கூட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் ஒழுங்கை ஓரத்து வடலி ஒன்றில், மட்டைகளுக்கிடையே, இப்படி ஒரு கூடு இருந்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். “கிட்டப் போகாதையுங்கோ, பிள்ளையள்” என்பதோடு அவர்களுடைய கடமை முடிந்தது. நாங்கள் நான்கு பேர், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், யாருடைய கல்லுப் படுகிறது பார்ப்போம் என்று போட்டி வைத்தோம். மூன்றாவதோ நான்காவதோ கல்லுப் பட்டது. என்னுடையதா என்று இன்றுவரை நிச்சயமில்லை. என்னுடையதல்ல என்றும் சொல்ல முடியவில்லை. ஓடினோம். எங்களில் ஒருவரையும் ஒரு குளவியும் தொடவில்லை. வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று மூச்சு வாங்கச் சிரித்தோம்.

அந்த நேரத்தில்தான் மீன்கார அண்ணை சைக்கிளில் அந்த ஒழுங்கையால் வந்தார். பின்னால் மீன்பெட்டி. சைக்கிளோடு விழுந்து, பெட்டி சரிந்து, மீனெல்லாம் மண்ணில். தலையிலும் கழுத்திலும் இருபதுக்கு மேல். ஆசுப்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். அதற்குப் பின்பும் மூன்று கிழமை அவர் வரவில்லை. அவருடைய மனைவி தலையிற் கடகத்தை வைத்துக்கொண்டு நடந்து வந்து மீன் விற்றார். திரும்பி வந்தபோது அவர் எங்கள் அம்மாவிடம், “குளவிக்கு என்னிலை என்ன கோவமோ தெரியேல்லை, அக்கா” என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை. அவர் இப்போது இல்லை.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது, கலைத்தவன் ஓடிவிடுவான், கொட்டு வாங்குபவர் பின்னால் வருபவர் என்பதே. கல்லெறிந்த எங்களைவிட, “கிட்டப் போகாதையுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தம் அலுவலைப் பார்த்த பெரியவர்களுக்குப் பங்கு குறைவா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எங்களுடைய பங்கைக் குறைப்பதற்காக அப்படி யோசிக்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு.

இனிக் கொல்லலாமா என்ற கேள்வி. கொல்லாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார், 33ஆவது. எமது மரபிலோ புனித அக்குவினாஸ் தோமையார் மனிதருடைய தேவைக்காக விலங்கைக் கொல்வது பாவமன்று என்று வாதித்தார். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் அந்த அனுமதியை வைத்துக்கொண்டே, தேவையின்றி உயிரினங்களை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே மாறானது என்கிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல் இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு படைப்புக்கும் அதற்கெனவே ஒரு பெறுமதி உண்டு, எமக்குப் பயன்படுவதால் மட்டும் வருவதன்று அது, என்று சொல்லிற்று. ஆக, “குளவியால் என்ன பிரயோசனம்?” என்ற கேள்வி எமக்கு மூடப்பட்டுவிட்டது. “தேவையா?” என்ற கேள்வி மட்டும் திறந்திருக்கிறது. அந்தத் தேவை என்ற சொல்லை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதுதான் தொல்லை. அருவருப்பும் தேவையாகிவிடும், சோம்பலும் தேவையாகிவிடும்.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு சட்டங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், குஞ்சுகளை எடுத்தாலும் தாயையும் சேர்த்துப் பிடிக்காதே, அதைப் போகவிடு என்பது ஒன்று. புதுவீடு கட்டினால் மேற்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டு, எவராவது தவறி விழுந்து அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மீது வரக்கூடாது என்பது அடுத்தது. கூட்டுக்கு இரக்கமும் வீட்டுக்குப் பொறுப்பும் ஒரே மூச்சில். இரண்டும் மோதும்போது எது முந்துவது என்று அந்த நூல் சொல்லவில்லை. என் எண்ணம், பிள்ளைகள் நடமாடும் வாசலில் கைப்பிடிச் சுவரே முந்தும். வளவின் கோடியில், ஒருவரும் போகாத பனையின் உச்சியில், இரக்கம் முந்தும். இடையில் உள்ள இடங்களுக்குத்தான் மனச்சாட்சி வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990இலும் 1995இலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியவர்கள் எம்மிடையே பலர். கூரையில்லாத சுவருக்குள் ஆலும் வேம்பும் நிற்க, சுவாமி படம் இருந்த மூலையில் குளவிக் கூடு தொங்கக் கண்டவர் ஒருவர் எனக்குச் சொன்னார்: “இஞ்சை ஆர் குடியிருக்கினம், ஆர் வந்திருக்கினம் எண்டு ஒரு நிமிஷம் எனக்கே விளங்கேல்லை.” ஆனாலும் அவர் கூட்டை அகற்றினார். அகற்றாமல் அங்கே அடுப்பு மூட்ட முடியாது. அவருடைய அந்த ஒரு நிமிடத்தை நான் மதிக்கிறேன்.

மலைநாட்டைப் பாருங்கள். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கொட்டப்பட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு செல்லப்படும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இறந்தவர்களும் இருக்கிறார்கள். அங்கே மரத்தில் கூடு இருப்பதைக் கண்டவருக்கு அதை அகற்றும் அதிகாரம் இல்லை. அகற்றும் அதிகாரம் உள்ளவர் அந்த மரத்தின் கீழே நிரையில் நின்று கொழுந்து பறிப்பதில்லை. “அந்தப் பக்கம் இண்டைக்குப் போக மாட்டம்” என்று சொன்னால் அன்றைய பேர் விழாது. அறிந்தவர் ஒருவர், தீர்மானிப்பவர் ஒருவர், கொட்டு வாங்குபவர் மூன்றாமவர் என்று பிரிந்துவிட்டால் முட்டும் மாட்டின் சட்டத்தை யார்மீது வைப்பது? கட்டி வைக்கும் கயிறு யார் கையில் இருந்ததோ அவர்மீதுதான் என்று நினைக்கிறேன்.

அதே பிரிவினை உங்கள் வளவிலும் நடக்கிறது, கவனித்தீர்களா? கூட்டைக் கண்டதும் நாம் செய்வது, ஊரில் துணிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு போத்தலும் கொஞ்சக் காசும் கொடுத்து, ஓலைச் சூளையும் மண்ணெண்ணெயையும் கையில் கொடுப்பது. பிறகு நாம் யன்னலைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியால் பார்க்கிறோம். வெறியில் ஏணியில் ஏறும் அந்த மனிதருடைய உயிருக்கு நாம் போட்ட விலை ஒரு போத்தல். சூள் சரிந்து கூரை பற்றினால் வீடும் போகும். ஆபத்தை அகற்றியதாகச் சொல்கிறோம். உண்மையில் அதை எம்மைவிட ஏழையான ஒருவர் தலையிலே ஏற்றி வைத்தோம்.

ஆகவே, வாசகரே, உங்கள் தாழ்வாரத்துக்குத் திரும்புவோம். முதலில் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். கல்லு, தடி, தண்ணீர், புகை எதுவும் வேண்டாம். அரைகுறையாகக் கலைப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. கூடு ஆள் நடமாட்டத்திற்கு மிகத் தூரமென்றால் விட்டுவிடலாம். ஆனால் அயலவருக்கும், மரமேற வருபவருக்கும், புல்லு வெட்டும் மெசின் கொண்டு வருபவருக்கும் நீங்களே வாயால் சொல்லியிருக்க வேண்டும். அந்த மெசினின் அதிர்வே போதும். கிட்ட என்றால் அகற்றத்தான் வேண்டும். அதைப் பழகியவர், முகமும் கையும் முழுதாக மூடிய உடுப்போடு, வெறியில்லாமல், குளவிகள் எல்லாம் கூட்டில் அடங்கிய இரவில் செய்ய வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் ரோச்சின் முகத்திற்குச் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளலாம். சிவப்பு அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. தீ வேண்டாம். அவருக்குரிய கூலியை முதலிலே பேசிக் காசாகக் கொடுங்கள். ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டாதீர்கள். பெருந்தேனீ என்று தெரிந்தால் தேனீ பழகியவரைத் தேடுங்கள். அது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே இடம் பெயர்ந்து போகும்.

யாராவது கொட்டப்பட்டால் சுண்ணாம்பும் வெங்காயமும் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ, பல கொட்டுக்கள் பட்டிருந்தாலோ உடனே ஆசுப்பத்திரிதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பல கொட்டுப் பட்டவர் “எனக்கு ஒண்டுமில்லை” என்று சொன்னாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூடு போன மறுநாட் காலை, முதல்நாள் இரவு வெளியே தங்கிவிட்ட சில குளவிகள் திரும்பி வரும். வாயில் மென்ற இரையோடும் வரும். கூடு இருந்த அந்த மூலையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், சிலாகையில் இருந்து பார்க்கும், மீண்டும் பறக்கும். இரண்டு மூன்று நாள் அப்படித்தான். அந்த நாட்களில் குசினி யன்னலைச் சாத்தி வையுங்கள். உடுப்பை முன்பக்கத்தில் காயப் போடுங்கள்.